இரைச்சல் அடங்கினால் ஆள் வந்துவிட்டார்

அமெரிக்காவின் சார்லட் நகரில் வேலை பார்க்கும் மகன், மே மாதம் நடக்கும் கோகோ-கோலா 600 கார் பந்தயத்துக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறானாம். “அங்கே ரசிகர்கள் பெரிய ஹெட்செட் மாட்டிக்கொண்டு, ஓட்டுநர் தன் குழுவோடு பேசுவதை நேரடியாகக் கேட்பார்களாமே, அந்தச் சத்தத்தில் அது எப்படி முடிகிறது?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பதில் முழுக்க ரேடியோ இயற்பியல்.

முதலில் சத்தத்தைப் பார்ப்போம். இது நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தய அமைப்பு நடத்தும் கோப்பைப் பந்தயங்களில் ஒன்று. இவற்றில் ஏறத்தாழ 40 கார்கள் வரை ஓடும். ஒவ்வொன்றிலும் எட்டு சிலிண்டர் எஞ்சின். நிமிடத்துக்கு 9,000 முறை சுழன்றால், ஒரு சுற்றுக்கு நான்கு வெடிப்பு வீதம் விநாடிக்கு 600 வெடிப்புகள். அதாவது 600 ஹெர்ட்ஸ், மனிதக் குரல் புழங்கும் அதே எல்லைக்குள். பக்கத்து இருக்கைக்காரர் கத்தினாலும் காதில் விழாது. 100 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 15 நிமிடத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. இந்தப் பந்தயமோ பல மணி நேரம் ஓடும். எனவே காதை இறுக்கி மூடும் ஹெட்செட் முதலில் செவிக்குக் கவசம், அப்புறம்தான் ரேடியோ.

பேசுகிறவர்கள் முக்கியமாக மூன்று பேர்: ஓட்டுநர், பிட்டில் (டயர் மாற்றி எரிபொருள் நிரப்பும் இடத்தில்) இருக்கும் குழுத் தலைவரான க்ரூ சீஃப், பார்வையாளர் மாடத்தின் கூரையில் நிற்கும் ஸ்பாட்டர். தலைக்கவசம், கழுத்தைக் காக்கும் பட்டை, தலையை அணைத்துப் பிடிக்கும் இருக்கை எல்லாம் சேர்ந்து ஓட்டுநரைப் பக்கவாட்டில் திரும்ப விடாது. உள்பக்கம் கார் இருக்கிறதா, தாண்டியாயிற்றா என்பதை ஸ்பாட்டர்தான் சொல்ல வேண்டும். அவர் “கிளியர்” என்று சொன்ன பிறகே ஓட்டுநர் நகர்வார். ஓட்டுநர் பேச நினைத்தால் ஸ்டியரிங்கில் உள்ள பொத்தானை அழுத்துவார்.

இந்தப் பேச்சு 450 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில், அதிர்வெண் பண்பேற்றத்தில், அதாவது எஃப்எம்மில் போகிறது. ரசிகரின் கையில் இருக்கும் ஸ்கேனர், குழுக்களின் அலைவரிசைகளை வரிசையாக, விநாடிக்கு 100 வரைகூட எட்டிப் பார்த்துவிடும். எங்கே பேச்சு இருக்கிறதோ அங்கே நிற்கும். பேச்சு முடிந்ததும் அடுத்ததற்குத் தாவும்.

சரி, பேச்சு இருக்கிறது என்று ஸ்கேனருக்கு எப்படித் தெரியும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஸ்குவெல்ச் என்ற ஒரு சின்னச் சுற்று இதைச் செய்கிறது.

எஃப்எம்மில் செய்தி முழுவதும் அலையின் அதிர்வெண்ணில்தான் இருக்கிறது, உயரத்தில் இல்லை. எனவே உள்ளே வருவது எதுவானாலும் ரிசீவர் அதை முழு அளவுக்குப் பெருக்கி, தலையை வெட்டிச் சமமாக்கிவிடும். யாருமே பேசாதபோது பெருக்குவதற்கு என்ன இருக்கிறது? ரிசீவருக்குள்ளேயே எலக்ட்ரான்கள் வெப்பத்தால் துடிக்கும் துடிப்புதான். அது “ஸ்ஸ்ஸ்” என்று முழு வீச்சில் இரையும். யாராவது பொத்தானை அழுத்தி, குரலைச் சுமந்து வரும் ஊர்தி அலை வந்துவிட்டால், பலமான அந்த அலை ரிசீவரைப் பிடித்துக்கொள்ளும், இரைச்சல் அமுங்கிவிடும். குளத்தங்கரையில் கத்திக்கொண்டிருக்கும் தவளைகள், காலடி பட்டதும் கப்சிப் ஆகிவிடும் அல்லவா? இருட்டில் ஆள் தெரியாவிட்டாலும், சத்தம் நின்றதை வைத்தே யாரோ வந்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். ஸ்குவெல்ச் பார்ப்பதும் அதைத்தான். அது குரலைத் தேடுவதில்லை, இரைச்சல் அடங்குகிறதா என்று காத்திருக்கிறது. அடங்கியதும் ஒலிக்கு வழி திறந்துவிடுகிறது.

குரலையே இரைச்சல் என்று தவறாக நினைத்துவிடாதா? நினைக்காது. ரேடியோவில் பேச்சை ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸோடு வெட்டிவிடுவார்கள். இரைச்சல் அதற்கு வெகு மேலேயும் பரவியிருக்கும். ஸ்குவெல்ச் அந்த மேல்பகுதியை மட்டுமே கவனிக்கிறது. அதனால் ஓட்டுநர் பொத்தானை அழுத்திக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாவிட்டால்கூட, வழி திறந்துவிடும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 460 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 65 செ.மீ. சுவரிலும் இரும்பு மாடங்களிலும் பட்டுத் திரும்பும் அலைகள் நேராக வரும் அலையோடு கலப்பதால், ஏறத்தாழ 32 செ.மீ.க்கு ஒரு பள்ளம், அதாவது அலை பலவீனமாகும் இடம், உண்டாகலாம். மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் கார் விநாடிக்கு 83 மீட்டர் கடக்கிறது. அப்படியானால் விநாடிக்கு 250 பள்ளங்கள்! ஒவ்வொன்றுக்கும் ஸ்குவெல்ச் கதவைச் சாத்தினால் பேச்சு துண்டு துண்டாகிவிடும். எனவே கொஞ்சம் பொறுத்துப் பார்த்துத்தான் அது மூடுகிறது. ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் “ப்ஷ்ட்” என்று ஒரு சிறு சீறல் வருமே, அது அந்தப் பொறுமைக்கு நாம் கொடுக்கும் விலை.

இரைச்சலை அடக்கும் எஃப்எம்மைக் கொண்டுவந்தவர் எட்வின் ஆம்ஸ்ட்ராங். 1922இல் ஜான் கார்சன் என்ற சிறந்த கணிதப் பொறியாளர், குறுகிய அதிர்வெண் பட்டையில் எஃப்எம்மால் பெரிய லாபம் இல்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரிதான். ஆம்ஸ்ட்ராங் பட்டையை அகலமாக்கினால் என்ன ஆகும் என்று பார்த்தார். பழைய காப்புரிமைகளில் வந்த சொந்தப் பணத்தைச் செலவழித்து, 1935இல் நியூயார்க்கில் பொறியாளர்கள் முன் இயக்கிக் காட்டினார். சொந்தக் காசு இருந்ததால் அவரால் முடிந்தது. எல்லா ஆராய்ச்சியாளருக்கும் அது வாய்க்காது. நிதி கேட்டு வருகிறவரிடம் பயன் என்ன என்று முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லும் வழக்கம் மாற வேண்டும். பலன் தெரியாத சோதனைகளுக்கென்று ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கியே ஆக வேண்டும்.

மீண்டும் பந்தயத்துக்கு வருவோம். ஃபார்முலா ஒன் கார் பந்தயக் குழுக்கள் தங்கள் பேச்சை மறைகுறியாக்கி அனுப்புகின்றன. ஒளிபரப்பில் தருவதைத்தான் நாம் கேட்கலாம். நாஸ்காரில் பேச்சு திறந்தே இருப்பதால் எதிரணியும் கேட்கும். அதனால் எப்போது பிட்டுக்கு வருவது என்பதைச் சில குழுக்கள் சங்கேதத்தில் பேசிக்கொள்வதும் உண்டு.

வாசகருக்கு ஒன்று. ஸ்கேனரை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். யாரும் பேசாத நேரத்தில் ஸ்குவெல்ச் குமிழை மெல்லத் திருப்புங்கள். இரைச்சல் நின்ற இடத்தைத் தாண்டி ஒரு இழை போதும், அங்கேயே விட்டுவிடுங்கள். அதற்கு மேல் திருகினால் எதிர்ப்பக்க வளைவில் போகும் கார்களின் பலவீனமான அலைக்கு வழி திறக்காது.