வண்டிக்கு ஃபிரிட்ஜ் வாங்கும் முன் வயரைப் பாருங்கள்

முகாமில் இரண்டாம் நாள் காலை. ஃபிரிட்ஜின் திரை இருண்டு கிடக்கிறது, பால் வெதுவெதுப்பாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் வண்டி உடனே ஸ்டார்ட் ஆகிறது. பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதே, அப்படியானால் ஃபிரிட்ஜ்தான் பழுது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு சர்வீஸுக்கு வருகிறார்கள். மேஜைமேல் வைத்து ஒழுங்கான மின்சாரம் கொடுத்தால் அரை மணி நேரத்தில் ஜில்லென்று ஆகிவிடுகிறது. பெட்டியில் ஒரு குறையும் இல்லை. குறை இருப்பது பேட்டரிக்கும் பெட்டிக்கும் நடுவே ஓடும் வயரில்.

கம்ப்ரசர் ஃபிரிட்ஜ்களில் பேட்டரியைக் காக்க ஒரு கட்-ஆஃப் இருக்கும். பெரும்பாலும் மூன்று நிலைகள். உயர்நிலையில் வைத்தால் சுமார் 11.8 வோல்ட்டில் ஃபிரிட்ஜ் தானே நின்றுவிடும். மறுபடி ஓட 12.6 வோல்ட் வரை ஏற வேண்டும். (மாடலுக்கு மாடல் இந்த எண் சற்று மாறும், கையேட்டில் பாருங்கள்.) இப்போது வண்டியோடு வந்த லைட்டர் சாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர், போக வர 10 மீட்டர். வயரின் குறுக்குவெட்டு 1.5 சதுர மி.மீ. என்றால் அதன் மின்தடை ஏறத்தாழ 0.12 ஓம். கம்ப்ரசர் 5 ஆம்பியர் இழுக்கும்போது வழியிலேயே 0.6 வோல்ட் போய்விடும். பேட்டரியில் 12.4 இருந்தால் ஃபிரிட்ஜுக்கு வந்து சேருவது 11.8தான். பிளக் கொஞ்சம் தளர்வாக இருந்தால் இன்னும் கீழே. ஃபிரிட்ஜ் நிற்கிறது. நின்றதும் வயரில் மின்னோட்டம் இல்லை, இழப்பும் இல்லை, மீண்டும் 12.4 தெரிகிறது. ஆனால் 12.6 இல்லையே! அதனால் விடிய விடிய ஓடாமலே கிடக்கிறது.

அதே தூரத்துக்கு 6 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு 0.15 வோல்ட்தான். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ், மறுமுனையில் லைட்டர் பிளக்குக்குப் பதிலாக அழுந்திப் பிடிக்கும் ஆண்டர்சன் கனெக்டர். லைட்டர் பிளக் ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்கும் பொருள். கரடுமுரடான பாதையில் குலுங்கிக் குலுங்கி வெளியே வரும், தொடும் இடம் சூடாகி இளகும்.

இருக்கும் வயர் போதுமா என்று பார்க்க வோல்ட்டேஜ் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் போதும். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனையில் ஒருமுறை, ஃபிரிட்ஜ் பக்கத்துக் கனெக்டரில் ஒருமுறை அளவெடுங்கள். வித்தியாசம் 0.3 வோல்ட்டைத் தாண்டினால் வயரை மாற்றுங்கள். கம்ப்ரசர் ஓடாதபோது அளந்தால் எந்த மட்டமான வயரும் நல்ல வயராகத்தான் தெரியும். இதில் ஏமாறுபவர்கள் அதிகம்.

இனி பெட்டிக்கு வருவோம். கடையில் ஃபிரிட்ஜ் என்ற பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்கிறார்கள். விலை குறைந்த, எடை குறைந்த 12 வோல்ட் கூலர்களில் இருப்பது பெல்டியர் தகடு, அதாவது மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு. அது வெளிக்காற்றைவிட 18, 20 டிகிரி குறைக்கும், அவ்வளவே. வெளியே 38 டிகிரி என்றால் உள்ளே 18 அல்லது 20. இறைச்சி, மீன், பால் எல்லாம் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. அதோடு நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால், 4 ஆம்பியர் என்றாலும் ஒரு நாளில் 96 ஆம்பியர்-மணி தின்றுவிடும். வண்டி ஓடும்போது தண்ணீர் பாட்டில் குளிர்ச்சியாக இருக்க நல்லது. சாப்பாட்டை நம்பி வைக்க அல்ல.

கேஸிலும் ஓடும் ஃபிரிட்ஜ் சத்தமே போடாது. ஒரே இடத்தில் பல நாள் தங்குபவர்களுக்குப் பொருந்தும். ஆனால் சமதளத்தில் வைத்தால்தான் வேலை செய்யும், கடும் வெயிலில் திணறும், 12 வோல்ட்டில் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மூடிய வண்டிக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ இதைக் கேஸில் ஓட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும்.

வண்டிப் பயணத்துக்கு எங்கள் தேர்வு கம்ப்ரசர் ஃபிரிட்ஜ்தான். 30 டிகிரி வரை சாய்ந்தாலும் ஓடும், ஃப்ரீசராகவும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் விளம்பரத் தாளில் உள்ள மின்செலவு எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அது எந்த வெளிவெப்பத்தில் அளந்தது என்று சிறிய எழுத்தில் இருக்கும். 20 டிகிரி அறையில் அளந்த எண், 38 டிகிரி வெயிலில் நிற்கும் வண்டிக்குப் பொருந்தாது. 40 லிட்டர் பெட்டி, உள்ளே 4 டிகிரி, வெளியே 30 டிகிரி நிழல் என்றால் நாளுக்கு 20 முதல் 30 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்ளலாம். மைனஸ் 18க்கு இறக்கினால் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

100 ஆம்பியர்-மணி ஏ.ஜி.எம். பேட்டரியில் (ஈய-அமில பேட்டரியில் ஒரு வகை) பாதியைத்தான் எடுக்கலாம், அதற்குமேல் இழுத்தால் ஆயுள் குறையும். அப்படியானால் ஏறக்குறைய இரண்டு நாள்தான் வரும். அதே அளவு லித்தியம் பேட்டரி மூன்று நாள் தாங்கும். ஆனால் லித்தியத்தில் வோல்ட்டேஜ் கடைசிவரை 13ஐ ஒட்டியே நிற்பதால் ஃபிரிட்ஜின் கட்-ஆஃப் எச்சரிக்காது. தனியாக ஒரு பேட்டரி மானிட்டர் வேண்டும். வண்டியின் ஸ்டார்ட்டர் பேட்டரியை மட்டும் நம்பினால் கட்-ஆஃபை உயர்நிலையில்தான் வைக்க வேண்டும். ஒரு இரவு தாண்டினால் அதிர்ஷ்டம். தனி பேட்டரி இருந்தால்தான் கீழ்நிலை. புதிய வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்த வோல்ட்டேஜைத் தானே குறைத்துக்கொள்ளும். அவற்றில் இரண்டாம் பேட்டரி முழுசாக ஏற, வோல்ட்டேஜை வேண்டிய அளவுக்கு மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர் இல்லாமல் முடியாது.

லிட்டர் கணக்கு கடைசியில் வரட்டும். இருவருக்கு மூன்று நாலு நாளைக்கு 35 முதல் 45 லிட்டர் போதும். பெரிதாக வாங்கிப் பாதி காலியாக ஓட்டினால், மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே புகும் சூடான காற்றைக் குளிர்விக்கவே பேட்டரி கரையும். கம்ப்ரசர் இருக்கும் மேடு உள்ளே இடத்தைத் தின்னும். நீங்கள் பயன்படுத்தும் பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். மூடி மூடவில்லை என்றால் லிட்டர் எண்ணால் பயனில்லை. இரட்டை அறை பெட்டிகள் பலவற்றில் கம்ப்ரசர் ஒன்றுதான். ஃப்ரீசர் பக்கக் குளிர் கசிந்துதான் மறுபக்கம் குளிர்கிறது. காய்கறி உறைந்து கருகுவது இதனால்தான்.

டிக்கியில் வைக்கும்போது காற்றுத் துளை உள்ள பக்கம் 10 செ.மீ. இடைவெளி விடுங்கள். குளிர் வெளியே போகாதிருக்க என்று போர்வையால் சுற்றுவார்கள். அது துளையையும் சேர்த்து அடைத்துவிடும். வெப்பம் வெளியேற வழியில்லாமல் கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடும். நிறைத்த 40 லிட்டர் பெட்டி 35 கிலோவைத் தாண்டலாம். வண்டியின் தரைக் கொக்கிகளில் பட்டையால் இழுத்துக் கட்டாவிட்டால், சடன் பிரேக்கில் முன்சீட்டுக்காரரின் முதுகில்தான் வந்து இறங்கும்.

வெதுவெதுப்பான தண்ணீரை உள்ளே வைத்துவிட்டுக் கிளம்புவதும் பெரும் செலவு. 10 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 4க்கு இறக்க சுமார் 300 வாட்-மணி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். கம்ப்ரசரின் திறனைக் கணக்கில் எடுத்தால் அது பேட்டரியில் ஏறக்குறைய 17 ஆம்பியர்-மணி. அரை நாளுக்கும் மேலான ஓட்டம் அதிலேயே போச்சு. முதல் நாளே வீட்டு மின்சாரத்தில் ஃபிரிட்ஜையும் பொருளையும் சேர்த்துக் குளிரவிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

படிந்த பனியைக் கத்தியால் சுரண்டவே வேண்டாம். உட்சுவருக்குப் பின்னால்தான் குழாய் ஓடுகிறது. பல மாடல்களில் அதில் இருப்பது தீப்பிடிக்கும் ஐசோபியூட்டேன். படுக்கவைத்துக் கொண்டுவந்த பெட்டியை நிமிர்த்தியவுடன் ஆன் செய்யாதீர்கள். ஆயில் கம்ப்ரசருக்குத் திரும்ப இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, வண்டியிலேயே, பயணத்தில் வைக்கப்போகும் அதே இடத்தில், அதே வயரில், பொருள் நிறைத்து, என்ஜினை அணைத்து, 24 மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பொருள்களின் நடுவில் ஒரு தனி வெப்பமானியை வையுங்கள். திரையில் தெரியும் எண் சென்சார் இருக்கும் மூலையின் எண் மட்டுமே. விடியற்காலையில் நின்றுபோயிருந்தால் வயர் மாற்ற இன்னும் ஆறு நாள் கையில் இருக்கும்.