சராசரி மழையை நம்பித் தண்ணீரைப் பங்கிடாதீர்கள்

"சராசரி மழை குறையவே இல்லையே, பிறகு ஏன் ஒதுக்கீட்டைக் குறைக்கிறீர்கள்?" பற்றாக்குறை வரும்போதெல்லாம் இதே கேள்விதான். பாசனதாரர்கள் கேட்டால் புரிகிறது. பங்கீட்டு விதியை எழுதுகிறவர்களே கேட்கும்போதுதான் அலுத்துப்போகிறது.

ஆண்டு மழை 900 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 நாளில் பரவலாகப் பெய்தால் மண் உறிஞ்சும், கிணறு ஊறும், அணைக்கு நிதானமாக நீர் வரும். அதே 900 மி.மீ. 25 நாளில் கொட்டினால் மண் உறிஞ்சும் வேகத்தை மழை மிஞ்சிவிடும். வருகிற வெள்ளத்தைத் தேக்க அணையில் இடமிருக்காது. மதகைத் திறந்தே ஆகவேண்டும். பிறகு மாதக்கணக்கில் வறட்சி. சராசரி அப்படியே இருக்கும், பங்கிடத்தான் நீர் இருக்காது.

வெப்பம் தனியாகவே நீர்வரத்தைத் தின்னும். நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால், ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் 50 லட்சம் லிட்டர் போச்சு.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றைப் பாருங்கள். மழை செழித்த ஆண்டுகளின் அளவீட்டை நம்பி, 1922 ஒப்பந்தம் மேல்படுகைக்கும் கீழ்படுகைக்கும் ஆண்டுக்குத் தலா 75 லட்சம் ஏக்கர் அடி (ஒரு ஏக்கர் அடி என்பது ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் நீர்) கொடுத்தது. 1944இல் மெக்சிகோவுக்கு 15 லட்சம். 2000க்குப் பிந்தைய ஆண்டு வரத்தோ சராசரியாக 125 லட்சத்தை ஒட்டியே நிற்கிறது.

செய்யவேண்டியது இதுதான். 39 ஆண்டு வரத்தை இறங்கு வரிசையில் அடுக்கினால் 30ஆவது எண்தான் 75 விழுக்காடு நம்பகமான வரத்து, அதாவது நான்கில் மூன்று ஆண்டுகளில் குறைந்தது அவ்வளவு நீராவது வரும். அதைக் கணக்கிடுங்கள், கடைசி 20 ஆண்டுக்குத் தனியாகவும் போட்டுப் பாருங்கள். இரண்டும் விலகினால் பழைய ஒதுக்கீடு செல்லாது. நிலையான கன அடியாக எழுதாமல், கிடைக்கும் நீரில் விழுக்காடாக எழுதுங்கள். எந்தத் தேதியில் இருப்பு எவ்வளவுக்குக் கீழே போனால் யாருக்கு எவ்வளவு வெட்டு என்பதைத் தண்ணீர் இருக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். வறட்சியில் உட்கார்ந்து பேசினால் சண்டைதான் மிஞ்சும். அணையின் கொள்ளளவை மறு அளவீடு செய்யுங்கள். கனமழை வண்டலையும் கூடுதலாக அடித்துவருகிறது.

நிலத்தடி நீரைத் தயவுசெய்து இதே கணக்கில் சேருங்கள். வாய்க்காலில் வெட்டினால் மறுநாளே ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடும், மழையில்லாத நாளிலும் நிலத்தடியிலிருந்து ஆற்றுக்குக் கசிந்து வரும் அடியூற்று வற்றும். சொட்டுநீரில் மிச்சமானதைக் கொண்டு சாகுபடிப் பரப்பைக் கூட்டவும் விடாதீர்கள்: முன்பு வயலில் கசிந்த அந்த நீர்தான் கடைமடைக் கிணறுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.