50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம்: எச்.ஆர். சொல்லாத விஷயங்கள்

டே-கேர் கட்டணமும் சம்பளமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதே என்று வேலையை விட்ட அம்மாக்கள் நிறையப் பேர். அவர்களில் பலருக்கு நிறுவனமே காப்பக வசதி செய்து தந்திருக்க வேண்டும். கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

50 ஊழியர்கள் இருந்தால் காப்பக வசதி கட்டாயம் என்று 2017இல் மகப்பேறு பயன் சட்டத்தில் சேர்த்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் 67ஆம் பிரிவு. "அந்தச் சட்டம்தான் போய்விட்டதே" என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். தாய் ஒரு நாளில் நான்கு முறை காப்பகத்துக்குப் போய் வரலாம். ஆனால் ஓய்வு இடைவேளையும் அந்த நான்குக்குள்தான்.

முதல் பொறி, எண்ணிக்கை. "நம்மிடம் இருப்பதே நாலு பெண்கள்" என்பார்கள். சட்டம் சொல்வது 50 ஊழியர்களை, 50 பெண்களை அல்ல. ஆண்களையும் சேர்த்துத்தான் கணக்கு. பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் 30 பெண்கள் என்று இருந்ததை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் மேலாளர்கள் உண்டு. கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கிடையாது என்பதும் அடிக்கடி வரும் பதில். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் தற்காலிக, தினக்கூலி, ஒப்பந்த ஊழியர்களையும் சேர்த்தே பேசுகிறது.

அடுத்தது, மகப்பேறு விடுப்பின் நிபந்தனைகளை இங்கே இழுத்துவருவது. 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும், மூன்றாவது குழந்தை என்றால் விடுப்பு குறைவு என்பதெல்லாம் விடுப்புக்கும் அதற்கான சம்பளத்துக்கும்தான். காப்பகப் பிரிவில் அப்படி எதுவும் இல்லை.

சம்பளத்தில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருந்தால், 67ஆம் பிரிவு இருக்கும் மகப்பேறு அத்தியாயமே உங்களுக்குப் பொருந்தாது என்று மடக்குவார்கள். இதில் கொஞ்சம் உண்மையும் இருப்பதால்தான் பலர் வாயடைத்துத் திரும்புகிறார்கள். ஆனால் தொழில்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு என்ற இன்னொரு சட்டத்தின் 24ஆம் பிரிவிலும் காப்பகம் வருகிறது. அதனால் நிறுவனத்திடம் காப்பகம் கேட்டு எழுதும் கடிதத்தில் இரண்டு பிரிவையுமே எழுதிவிடுங்கள்.

பணம்தான் பெரிய ஓட்டை. கட்டணத்தை யார் கொடுப்பது என்று 67ஆம் பிரிவில் ஒரு வார்த்தை கிடையாது. எங்கோ இருக்கும் தனியார் டே-கேரோடு ஒப்பந்தம் போட்டுவிட்டு, பில்லை உங்கள் தலையில் கட்டி, "வசதி செய்தாகிவிட்டது" என்று ஃபைலை மூடும் நிறுவனங்கள் இருக்கின்றன. வேலையில் சேரும்போதே, அதுவும் மின்னஞ்சலில், கேளுங்கள்: காப்பகம் எங்கே, எத்தனை மணி வரை, நிறுவனம் எவ்வளவு தரும்? தூரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், 500 மீட்டருக்குள் என்கிறது அதே 2018 வழிகாட்டுதல். "எனக்குக் காப்பகம் தேவையில்லை" என்று அச்சடித்த தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். குழந்தையே பிறக்காத பெண்ணிடம்கூட வாங்கி வைப்பார்கள்.

புகார் என்று போனால் அலைச்சல் ஆரம்பம். கடை, அலுவலகம் என்றால் மாநிலத் தொழிலாளர் துறை. தமிழ்நாட்டில் தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். வங்கி, காப்பீடு, ரயில்வே மத்தியத் தொழிலாளர் ஆணையரகத்தின் கீழ். தப்பான இடத்தில் கொடுத்தால் "எங்களுடையது இல்லை" என்ற ஒரு வரிக்கே வாரக்கணக்கில் காத்திருக்க வைப்பார்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பதிலே வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள்: என் புகாரின் மேல் எடுத்த நடவடிக்கை என்ன, அந்த நிறுவனத்தில் கடைசியாக ஆய்வு நடந்தது எப்போது, அறிக்கையின் நகல் வேண்டும். 30 நாளில் பதில் தர வேண்டும். பல நேரம் புகாரைவிட இந்த மனுதான் ஃபைலை நகர்த்துகிறது.

சரி, 50 பேர் இல்லாத இடத்தில் வேலை, அல்லது வீட்டு வேலை, கூலி வேலை என்றால்? மத்திய அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்கள் உண்டு. 6 மாதம் முதல் 6 வயது வரை சேர்க்கலாம். எல்லா அங்கன்வாடியும் காப்பகம் இல்லை என்பதுதான் இதில் சிக்கல். கைக்குழந்தையோடு பக்கத்து அங்கன்வாடிக்குப் போய்த் திரும்பி வராமல், வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் நம் பகுதிக்கு எந்த மையம் என்று முதலில் கேளுங்கள். வேலைச் சான்று கொண்டுவா என்றால், தாய் வேலைக்குப் போகிறாரா இல்லையா என்பதே பால்னாவில் நிபந்தனை இல்லை என்று சொல்லுங்கள்.