மைலோ டின்னில் வந்த மண்புழுக்கள்

எங்கள் மண் பரிசோதனைக் கூடத்துக்குச் சென்ற மாதம் ஓர் அக்கா மைலோ டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ஈர மண். அதில் ஏழெட்டு மண்புழுக்கள் நெளிந்தன. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்தவர். இப்போது மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், பழைய ஈய லம்பத்தை (ஈயச் சுரங்கத்தை) ஒட்டிய தாமானில், அதாவது குடியிருப்பில், இருக்கிறார். 2007இல் பெயர் மாறினாலும் எங்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.

"புழு இருக்கிற மண் நல்ல மண்தானே தம்பி? கீரை போடலாமா?"

'உழவனின் நண்பன்' என்று பள்ளியில் படித்த பாடம் செய்த வேலை இது. புழு இருந்தால் மண்ணில் ஈரம் இருக்கிறது, தின்ன ஏதோ கிடைக்கிறது, அவ்வளவுதான். காட்மியம், காரீயம் போன்ற நச்சுக் கன உலோகம் இல்லை என்பதற்கு அது சாட்சி அல்ல. உடலுக்குள் வந்த காட்மியத்தைப் புழு ஒரு புரதத்தோடு கட்டி, குடலைச் சுற்றிய திசுவில் ஒதுக்கி வைத்துக்கொண்டு பிழைத்துக்கிடக்கும். சுற்றியுள்ள மண்ணைவிட அதன் உடலில் காட்மியம் கூடுதலாக இருப்பது சாதாரணம்.

உலோகம் இரண்டு வழியாக நுழைகிறது: தின்னும் மண் வழியாகவும், தோல் வழியாகவும். புழு மூச்சு விடுவதே ஈரத் தோலால்தான். ஆகவே மண்ணில் மொத்தம் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பதைவிட, மண் துகள்களின் இடுக்கில் நிற்கும் நீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதே முக்கியம். களிமண்ணும் மட்கும் காட்மியத்தையும் காரீயத்தையும் பிடித்து வைக்கும். லம்பம் கழுவித் தள்ளிய வெள்ளை மணலில் களிமண்ணும் மட்கும் மிகக் குறைவு. நம்மூரில் ஈயம் என்றால் வெள்ளீயம். நான் பேசுவது காரீயத்தைப் பற்றி. இந்தக் குழப்பத்தால் வாரம் ஒருவருக்காவது விளக்கம் சொல்கிறேன்.

மண்ணில் புளிப்பு (அமிலத்தன்மை) ஏறினால் அந்தப் பிடியும் தளரும். நம் தோட்ட மண்ணின் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு கூடுதல்) பெரும்பாலும் 4க்கும் 5க்கும் இடையில்தான். அதன்மேல் ஆண்டுக்கணக்கில் அம்மோனியம் சல்பேட் போட்டு இன்னும் புளிக்க வைத்திருக்கிறோம். பாறைப் பாஸ்பேட்டோடு கொஞ்சம் காட்மியமும் சேர்ந்தே வந்திருக்கிறது.

'மொத்தக் காரீயம் இவ்வளவு' என்று ஒரே ஓர் எண்ணைத் தரும் அறிக்கை எனக்குப் பாதி அறிக்கைதான். புழு நச்சுச் சோதனைக்கான பன்னாட்டு முறையில் 70 விழுக்காடு மணல், 20 விழுக்காடு கயோலின் களிமண், 10 விழுக்காடு பீட் (சதுப்பு நில மட்கு), பிஎச் 6 என்று மண்ணையே கலந்து செய்கிறார்கள். சோதனைப் புழுவோ மட்குக் குவியலில் வாழும் இனம். அந்த முடிவை அப்படியே லம்பத்து மணலுக்குப் பொருத்துவது, மாப்பிள்ளையைப் பார்க்காமல் சட்டை தைப்பது போன்றது.

அக்காவின் புழுக்களைக் கழுவி, நனைத்த வடிதாளில் மூடி வைத்தேன். மறுநாள் காலை தாளெங்கும் மிளகளவு மண் உருண்டைகள். புழுக்கள் மட்டும் வெளிறி, உள்ளே இரத்தக் குழாய் தெரியும்படி கிடந்தன. இப்படிக் குடலைக் காலி செய்யாமல் அளந்தால், நாம் அளப்பது புழுவை அல்ல, அது தின்ற மண்ணை.

அடுத்த கேள்வி, சுண்ணாம்பு. காட்மியத்துக்கும் காரீயத்துக்கும், புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்பு நல்ல மருந்து. பிஎச் ஏற ஏற அவை மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஆர்சனிக் என்ற நஞ்சு அப்படி அல்ல. சிவந்த மண்ணின் இரும்பு ஆக்சைடில் ஒட்டிக் கிடப்பது, புளிப்பு குறையும்போது அவிழ்ந்து நீருக்கு வரக்கூடும். பாஸ்பேட் உரமும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை வெளியே தள்ளும். லம்பத்து நிலம் என்றால் ஆர்சனிக்கைப் பார்க்காமல் சுண்ணாம்பு போடச் சொல்ல எனக்கு மனம் வராது.

கீரையைவிட அவர் வளர்க்கும் கோழிகள்தான் எனக்குக் கவலை. நாள் முழுவதும் அதே மண்ணைக் கிளறி அதே புழுவைத் தின்கின்றன. முட்டை பேரப்பிள்ளைகளுக்குப் போகிறது. கூண்டை மேட்டு மண் பக்கம் மாற்றி வலையடிக்கச் சொன்னேன். அன்றே மாற்றிவிட்டார். ஆர்சனிக் முடிவு இன்னும் வரவில்லை. வாசலில் இருக்கும் டோலமைட் மூட்டையை அதுவரை பிரிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.