ஓடையைக் கெடுத்தது எந்த ஊற்று?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய செம்பு, பித்தளைச் சாமான் விற்கும் கடைகளில் புளி இல்லாமல் வேலை ஓடாது. கறுத்துக் கிடக்கும் அண்டாவில் புளிக்கரைசலும் கொஞ்சம் உப்பும் போட்டுத் தேய்த்தால் செம்பு பளிச்சென்று வந்துவிடும். அந்தக் கறுப்பு மாயமாய் மறைந்துவிடவில்லை. புளியின் அமிலத்தில் கரைந்து, கழுவிய தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விட்டது. கைவிடப்பட்ட மலைச்சுரங்கங்களிலும் இதுதான் நடக்கிறது. ஒரே வித்தியாசம், அங்கே புளியையும் பாறையே தயாரித்துக்கொள்கிறது.

தங்கம் போல மினுங்கி ஆளை ஏமாற்றும் பைரைட் என்ற கனிமம் இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. மலைக்குள் காற்றுப்படாமல் கிடக்கும்வரை அதனால் பெரிய தொல்லை இல்லை. சுரங்கம் வெட்டியதும் காற்றும் மழைநீரும் உள்ளே போகின்றன. கந்தகம் கந்தக அமிலமாகிறது. அப்புறம் நுண்ணுயிர்கள் வந்து சேர்கின்றன. அசிடிதயோபாசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு அமிலம்தான் வீடு, இரும்புதான் சாப்பாடு. இந்த வினையில் மெதுவாக நகரும் படி ஒன்றை அது பத்து லட்சம் மடங்கு வேகப்படுத்துகிறது. கலிஃபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்துக்குள் நீரின் பி.எச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் கடுமை) மைனஸ் 3.6 வரை இறங்கியதை அளந்திருக்கிறார்கள். எலுமிச்சைச் சாறே 2-க்குக் கீழே அதிகம் போகாது. இப்படிப்பட்ட நீர் வழியிலுள்ள பாறையிலிருந்து துத்தநாகம், செம்பு, காட்மியம், அலுமினியம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு ஓடைக்கு வருகிறது.

நமக்கு மலை என்றால் குன்றக்குடியும் பிரான்மலையும்தான். அதனால் அமெரிக்காவின் கொலராடோவுக்குப் போவோம். அங்கே சில்வர்டன் ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் நூறு வருடத்துக்கு மேல் வெள்ளியும் தங்கமும் ஈயமும் தோண்டினார்கள். 2015 ஆகஸ்ட் 5 அன்று கோல்டு கிங் என்ற பழைய சுரங்கத்தின் வாயில் துப்புரவு வேலை நடந்துகொண்டிருந்தபோது, உள்ளே தேங்கியிருந்த சுமார் 1.1 கோடி லிட்டர் அமில நீர் உடைத்துக்கொண்டு வந்தது. சிமென்ட் க்ரீக் ஓடை வழியாக அனிமாஸ் ஆறு மஞ்சளாகிப்போன படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. அடுத்த வருடம் அந்த வட்டாரத்தில் 48 இடங்களைச் சேர்த்து, அரசு சுத்தம் செய்ய வேண்டிய பகுதியாக அறிவித்தார்கள். சரி, 48-இல் எதில் முதலில் கை வைப்பது?

கண்ணை நம்பினால் சிவப்பாகத் தெரிகிற இடத்தில்தான் கை வைப்போம். அது பல சமயம் தப்பாகிவிடும். பி.எச் ஏறத்தாழ 3.5-ஐத் தாண்டியதும் கரைந்த இரும்பு துருவாகப் படிந்து கல்லையெல்லாம் ஆரஞ்சு நிறமாக்கும். 5-ஐ நெருங்கினால் அலுமினியம் வெள்ளையாகப் படியும். ஆனால் மீன்களைக் கொல்லும் துத்தநாகம் லேசில் படியாது. தெளிந்த நீரிலேயே நிறமின்றிப் பல கிலோமீட்டர் போய்விடும். செறிவை, அதாவது ஒரு லிட்டர் நீரில் எவ்வளவு உலோகம் என்பதை, மட்டும் அளந்தாலும் போதாது. சொட்டுச் சொட்டாக வடியும் கடும் விஷத்தைவிட, பெருகி வரும் அரை விஷம் ஆற்றுக்கு அதிகக் கேடு செய்யலாம். செறிவை நீரோட்டத்தால் பெருக்கினால் வருவதுதான் சுமை. ஒவ்வொரு வாயிலிருந்தும் நாளுக்கு எத்தனை கிலோ உலோகம் ஆற்றில் சேர்கிறது என்பதே கேள்வி.

இங்கே சிக்கல் நீரோட்டத்தில். மலை ஓடை பாறைக்குப் பாறை மோதிச் சிதறுகிறது. ஒரு பங்கு நீர் அடியிலுள்ள சரளைக்குள்ளேயே ஓடுகிறது. வேகமானியை நட்டால் அந்த மறைந்த நீர் கணக்கில் வராது. அதனால் அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தினர் ஒரு எளிய தந்திரம் செய்தார்கள். லெட்வில் ஊருக்குப் பக்கத்திலுள்ள செயின்ட் கெவின் கல்ச் ஓடையில் 1980-களிலேயே இதைச் செய்து பார்த்தார்கள். ஓடையின் மேல்முனையில் ஒரு உப்புக்கரைசலை, ஒரே சீராக, ஒரு சின்ன பம்பால் விட்டுக்கொண்டே இருப்பது. கீழே போகப்போக புதுத்தண்ணீர் சேரும், உப்பு நீர்த்துப்போகும். எவ்வளவு நீர்த்தது என்று பார்த்தால் எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்று தெரிந்துவிடும், அது எந்த வழியில் வந்திருந்தாலும் சரி. அமில ஓடையில் இதற்கு லித்தியம் உப்பு நல்லது, கல்லிலும் துருவிலும் அவ்வளவாக ஒட்டாது. மற்ற ஓடைகளில் புரோமைடு என்ற உப்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்கு. நொடிக்கு 100 மில்லிகிராம் புரோமைடு விடுகிறோம். முதல் இடத்தில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருக்கிறது. அப்படியானால் ஓட்டம் நொடிக்கு 50 லிட்டர். நூறு மீட்டர் கீழே 1.6, ஓட்டம் 62.5 லிட்டர். நடுவே 12.5 லிட்டர் சேர்ந்திருக்கிறது. துத்தநாகம் மேலே லிட்டருக்கு 0.4 மில்லிகிராம், கீழே 0.8. சுமை நொடிக்கு 20-இலிருந்து 50 மில்லிகிராமாக ஏறிவிட்டது. இந்த நூறு மீட்டரில் கண்ணுக்குத் தெரியும் ஒரே வாய், துருப்பிடித்த ஒரு சுரங்க வாசல். அதில் வருவது 5 லிட்டர். துத்தநாகம் லிட்டருக்கு 1 மில்லிகிராம். அதாவது 30-இல் 5-தான் அதன் பங்கு. மிச்சம் 25 மில்லிகிராம் கரையோரமாக நிலத்தடியில் கசிந்து வருகிறது. வாசலில் பல கோடி செலவழித்துச் சுத்திகரிப்பு நிலையம் கட்டியிருந்தால் ஓடைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது.

இந்தக் கணக்குக்கு மலைதான் வேண்டும் என்றில்லை. செட்டிநாட்டு ஊருணிகளுக்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்கால்களுக்கும் இதுவே பொருந்தும். நாற்றம் அடிக்கிற வாய்க்காலைத்தான் ஊர் திட்டும். நல்ல மழையில் ஒவ்வொரு காலிலும் ஓட்டத்தையும் அழுக்கையும் சேர்த்து அளந்தால் குற்றவாளி மாறிப்போகலாம்.

களத்தில் இது பொறுமைக்கான வேலை. உப்பு கடைசி இடம்வரை போய், அதன் அளவு ஏறாமல் இறங்காமல் நிலைக்கும்வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு ஆட்கள் பிரிந்து ஒரே நாளில் சில மணி நேரத்துக்குள் ஓடை நெடுகவும், சேரும் வாய்களிலும் மாதிரி எடுப்பார்கள். ஒவ்வொன்றையும் 0.45 மைக்ரான் வடிகட்டி வழியாக ஊசிக்குழலால் அழுத்தி, சின்ன பாட்டிலில் பிடித்து, சில துளி நைட்ரிக் அமிலம் விட்டு மூடுவார்கள். அமிலம் விடாவிட்டால் ஆய்வகம் போவதற்குள் உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பகலில் பாசியும் நீர்ச்செடிகளும் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் அமிலம் குறைந்த ஓடைகளில் பி.எச் ஏறும், துத்தநாகம் கல்லில் ஒட்டும். இரவில் மறுபடி கரையும். மத்தியானம் ஒரு மாதிரி, விடியற்காலை ஒரு மாதிரி எடுத்து ஒப்பிட்டால் இல்லாத ஊற்றைக் கண்டுபிடித்துவிடுவோம்.

மலையிலேயே இயற்கையாக அமிலம் கசியும் இடங்களும் உண்டு. சுரங்கத்தின் பங்கை அதிலிருந்து பிரிக்க நீரிலும் கந்தகத்திலுமுள்ள ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்கள்) ஓரளவு கைகொடுக்கும்.

ஊற்றைக் கண்டுபிடித்தாலும் கதை முடிவதில்லை. சில்வர்டன் பக்கம் 1990-களில் தொடங்கி அமெரிக்கன் டனல் என்ற சுரங்கவழியைக் கான்கிரீட் தடுப்புகளால் அடைத்தார்கள். மலைக்குள் நீர்மட்டம் ஏறியது. அதற்குப் பிறகான ஆண்டுகளில், அதுவரை கொஞ்சமாக வடிந்த கோல்டு கிங் வாசலில் நீர்வரத்து கூடியது. அதனால்தான் ஒரு வாயை அடைத்த பிறகும் அதே ஓடையில் மறுபடி உப்பு விட்டு, மேலிருந்து கீழ்வரை சுமையை அளக்க வேண்டியிருக்கிறது.