பார்க்கர் விண்கலமே சூரியனை நேராகப் பார்ப்பதில்லை

தொலைநோக்கியில் பொதுமக்களுக்குச் சூரியனைக் காட்டுவது என் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டிக்குச் சூரியப் புள்ளிகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், பக்கத்துத் தொலைநோக்கியின் ஃபைண்டரில் (குறிபார்க்க மேலே பொருத்தியிருக்கும் சின்னத் தொலைநோக்கி) ஒரு பையன் கண்ணை வைக்கப் போகிறான். பன்னிரண்டு வயது இருக்கும். ஃபைண்டரின் மூடி கழன்று தரையில் கிடந்தது. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அவன் அப்பாவுக்குக் கோபம். "எதுக்கு சார் இப்படிப் பதறுறீங்க? நாசா விண்கலம் சூரியனையே தொட்டுடுச்சு, அதுக்கே ஒண்ணும் ஆகலை. நாம பதினஞ்சு கோடி கிலோமீட்டர் தள்ளி நிக்கிறோம்!"

இதே வாதத்தை எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். இந்த முறை எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது.

அவர் சொன்ன செய்தியில் தப்பில்லை. நாசாவின் பார்க்கர் விண்கலம் 2021 ஏப்ரலில் சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவுக்குள் நுழைந்தது. 2024 டிசம்பர் 24 அன்று சூரியப் பரப்பிலிருந்து வெறும் 61 லட்சம் கிலோமீட்டரில், மணிக்கு 6.9 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் கடந்து போனது. பார்க்கருக்கு முந்தைய சாதனை ஹீலியோஸ் 2 என்ற விண்கலத்துடையது. 1976இல் 4.3 கோடி கிலோமீட்டர். அதை முறியடிக்க 42 வருடம் ஆனது. நம் ஆதித்யா எல்1 விண்கலம் சூரியனுக்கு அருகில் போய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது இருப்பது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில், அதாவது மொத்தத் தூரத்தில் நூற்றில் ஒரு பங்கில். மறைப்பே இல்லாமல் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதுதான் அந்த இடத்தின் அருமை.

மனிதர்கள்? நாம் எங்கும் போகவில்லை. பூமி சூரியனிலிருந்து ஜனவரி தொடக்கத்தில் 14.7 கோடி, ஜூலையில் 15.2 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. இந்த 50 லட்சம் கிலோமீட்டர் வித்தியாசத்துக்கு முன்னால் நிலவுப் பயணமே சின்னது. அப்போலோ 11 நிலவில் இறங்கியது ஜூலையில். ஜனவரியில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் அந்த விண்வெளி வீரர்களைவிடச் சூரியனுக்கு அருகில் இருக்கிறீர்கள். ஆனால் அப்போலோ 8 நிலவைச் சுற்றியது 1968 டிசம்பர் 24இல். பூமி சூரியனுக்கு மிக அருகே வரும் அண்மைப்புள்ளியை நெருங்கிய நேரம், வளர்பிறை, நிலவு சூரியன் பக்கமாக இருந்தது. என் கணக்குப்படி, சூரியனுக்கு மிக அருகில் போன மனிதர்கள் அதில் இருந்த போர்மன், லவல், ஆண்டர்ஸ் மூவரும்தான். அதுவும் ஜனவரியில் வீட்டில் இருக்கும் நம்மைவிட ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் அளவுக்குத்தான் கூடுதல் நெருக்கம்.

சரி, அந்த அப்பாவின் வாதத்துக்கு வருகிறேன். பார்க்கருக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அது சூரியனை நேராகப் பார்ப்பதே இல்லை! சுமார் 11 சென்டிமீட்டர் தடிமனான கார்பன் கவசத்துக்குப் பின்னால், நிழலில் ஒளிந்துகொண்டு போகிறது. அங்கே விழும் வெயில் இங்கே விழுவதைப்போல் 475 மடங்கு. கவசத்தின் முகம் ஆயிரம் டிகிரியை நெருங்கும்போது பின்னால் இருக்கும் கருவிகள் அறை வெப்பநிலையை ஒட்டியே இருக்கின்றன. துகள்களைப் பிடிக்கும் ஒரு உலோகக் கிண்ணம் போன்ற சில பாகங்கள்தான் கவசத்தைத் தாண்டி எட்டிப் பார்க்கின்றன. கேமரா பக்கவாட்டில் பார்க்கிறது. அவ்வளவு நெருக்கத்தில் எடுத்த படங்களில் சூரியக் காற்று இருக்கும், சூரியனின் முகம் இருக்காது. நிழலின் விளிம்பில் உணரிகள் வைத்திருக்கிறார்கள். அவற்றில் துளி வெயில் பட்டாலும், பூமியிலிருந்து உத்தரவு வரும்வரை காத்திருக்காமல் விண்கலம் தானே திரும்பிக்கொள்ளும். சூரியனின் முகத்தைப் படம் பிடிக்கும் சோலார் ஆர்பிட்டர் விண்கலம் கூட 4 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் நின்று, கவசத்தில் உள்ள சின்னத் துளைகள் வழியாகத்தான் பார்க்கிறது.

உங்கள் குழந்தையின் கண்ணுக்கு எந்தக் கவசம் இருக்கிறது?

தூரம் காப்பாற்றும் என்று நம்புகிறவர்களுக்காக ஒன்று செய்து காட்டுவேன். வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, தொலைநோக்கியில் கண்ணை வைக்கும் ஐபீஸுக்குப் பின்னால் ஒரு காய்ந்த இலையைப் பிடிப்பேன். சில நொடியில் கறுத்து, புகைந்து, நடுவில் ஓட்டை விழும். 15 கோடி கிலோமீட்டர் கடந்து வந்த வெளிச்சம்தான் அது. இலை சுருள்வது கண்ணுக்குத் தெரிகிறது. விழித்திரை கருகினால் வலிக்கக்கூட வலிக்காது. பல மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவில் ஒரு புள்ளி மறைக்கும். அதைப் பழையபடி ஆக்க நிச்சயமான மருந்து கிடையாது.

அதனால் தயவுசெய்து கேளுங்கள். சோலார் ஃபில்டரைத் தொலைநோக்கியின் முன்பக்கம் மாட்டுங்கள். ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி சூட்டில் விரிசல் விடும், தூக்கிப் போடுங்கள். ஃபைண்டரை மூடுவது போதாது, கழற்றியே வையுங்கள் (அன்றைக்கு நான் செய்யத் தவறியது இதுதான்). ஒவ்வொரு முறையும் ஃபில்டரை விளக்குக்கு எதிரே பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்க்கவே கூடாது. அந்தக் கண்ணாடியே கருகிவிடும். எக்ஸ்ரே ஃபிலிம், சிடி எதுவும் வேண்டாம். யாராவது பார்த்துத் தொலைத்துவிட்டால், வலி இல்லையே என்று சும்மா இருக்காமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.

அந்தப் பையன் அப்புறம் வரிசையில் நின்று, ஃபில்டர் போட்ட தொலைநோக்கியில் நிதானமாகப் பார்த்தான். நான்கு புள்ளிகள் என்று எண்ணிச் சொன்னான். ஓரத்தில் இருந்த ஐந்தாவதை நான் காட்டினேன்.