அடிமட்ட அமைப்பு: சொல்லும் பொருளும்

பிரதேச செயலகக் கடிதம், நன்கொடை நிறுவனத்தின் விண்ணப்பப் படிவம், பயிற்சிப் பட்டறைப் பதாகை என்று எங்கும் கண்ணில் படும் சொல் ‘அடிமட்ட அமைப்பு’. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் பெண்களின் உரிமைக்காகவும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகவும் இயங்கும் சங்கங்களை இந்தப் பெயரால்தான் எழுதுகிறார்கள். ஊரில் அப்படிச் சொல்பவர் இல்லை. அங்கே அது ‘மாதர் சங்கம்’, அல்லது வெறுமனே ‘எங்கட சங்கம்’.

ஆங்கிலத்தின் ‘கிராஸ்ரூட்ஸ்’ என்ற சொல்லே இதன் மூலம். பொருள், புல்லின் வேர். அரசியல் வழக்கில் அது பரவியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவில். 1912இல் முற்போக்குக் கட்சியின் மாநாட்டில் ஆல்பர்ட் பெவரிட்ஜ் தம் கட்சி புல்வேரிலிருந்து எழுந்தது என்று பேசினார். மேலிருந்து யாரும் நட்டு வைக்கவில்லை, மண்ணிலிருந்து தானே கிளம்பியது என்பதே அதன் கருத்து. தமிழாக்கத்தில் வேர் போய் ‘மட்டம்’ வந்தது. அமைச்சு மேலே, மாவட்டம் நடுவே, கிராமம் அடியில் என்று ஓர் ஏணி கண்முன் நிற்கிறது. தானே முளைத்தது என்ற பொருள் அதில் இல்லை.

தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்ல சொற்கள். ‘அடி’ பாதத்தையும் மரத்தின் தூரையும் தொடக்கத்தையும் குறிக்கும். கல்லடி, அரசடி என்ற மட்டக்களப்பு ஊர்ப்பெயர்களில் அது அருகாமையைக் குறிக்கிறது, தாழ்வை அல்ல. ‘மட்டம்’ என்றால் அளவு, சமநிலை. நீர்மட்டம், மேசன்மாரின் ரசமட்டம் எல்லாம் அதன் வழி வந்தவை. மட்டக்களப்பு என்ற பெயருக்கே மட்டமான, ஆழமற்ற களப்பு என்று விளக்கம் சொல்வதுண்டு. ஆனால் பேச்சில் ‘மட்டமான சாமான்’ என்றால் தரம் குறைந்தது. அதனால் ‘அடிமட்ட அமைப்பு’ என்பதைக் கேட்பவர் காதில் ‘ஆகக் கீழானது’ என்றுதான் விழுகிறது. அறிக்கைகளில் ‘அடிமட்டப் பெண்கள்’ என்று ஆட்களுக்கே அடைமொழி போடுவது இன்னும் மோசம். அதை எந்த இடத்திலும் எழுதக்கூடாது.

எழுத்தில் ‘அடித்தள அமைப்பு’ பொருத்தமானது. தளம் என்பது மற்றதெல்லாம் மேலே நிற்க இடங்கொடுப்பது. பேச்சிலும் ஊர் மக்களுக்கான அறிவித்தலிலும் ‘ஊர்ச் சங்கம்’ போதும். சங்கம் வடமொழி, பாளி வழி வந்ததுதான். ஆயினும் பௌத்த, சமண காலந்தொட்டுத் தமிழில் வேரூன்றிவிட்டது. அதை விரட்டத் தேவையில்லை. மட்டக்களப்புப் பக்கத்தில் அதற்குப் பதிலாகக் ‘கழகம்’ என்றால் விளையாட்டுக் கழகம் நினைவுக்கு வரும், ‘மன்றம்’ என்றால் கலைநிகழ்ச்சி நினைவுக்கு வரும்.

பெயர்ச்சொல்லை விட முக்கியமானது அதற்கு முன்னால் வரும் உருபு. ‘மாற்றுத்திறனாளிகளுக்கான சங்கம்’, ‘மாற்றுத்திறனாளிகளின் சங்கம்’ இரண்டும் ஒன்றல்ல. ‘கு’ நான்காம் வேற்றுமை உருபு. இலக்கண நூல்கள் அதற்குச் சொல்லும் முதற்பொருள் கொடை. ‘இன்’, ‘உடைய’ என்பவை இங்கே தருவது ஆறாம் வேற்றுமைப் பொருள். அதன் பெயர் கிழமைப் பொருள்; கிழமை என்றாலே உரிமை. கொடுக்கப்படுபவரா, உரியவரா என்ற கேள்விக்கு இந்த உருபிலேயே விடை இருக்கிறது. ‘பெண்களுக்கான’, ‘பெண்களின்’ என்பதும் இப்படியே.

ஐக்கிய நாடுகள் சபையும் இதே வேறுபாட்டைக் காட்டுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சமவாயம் 2006 டிசம்பர் 13இல் நிறைவேறியது; இலங்கை 2007இல் ஒப்பமிட்டு 2016இல் உறுதிப்படுத்தியது. அதன் குழு 2018இல் வெளியிட்ட 7ஆம் பொதுக் கருத்துரை (சமவாயத்தை எப்படிப் பொருள்கொள்வது என்ற விளக்கம்), மாற்றுத்திறனாளிகளே தலைமை ஏற்று, தெளிவான பெரும்பான்மை உறுப்பினராகவும் உள்ள அமைப்பை, அவர்களுக்குச் சேவை செய்யும் அமைப்பிலிருந்து பிரிக்கிறது. அரசு கலந்தாலோசிக்கும்போது முன்னுரிமை முதல் வகைக்கு. சமவாயத்தின் 6ஆம் உறுப்புரை மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கென்றே எழுதப்பட்டது. மாதர் சங்கத்தில் ஊனம் ஒரு தடை, மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் பெண் என்பது ஒரு தடை என்று இரண்டு பக்கமும் அடைபடுவோர் அவர்கள்.

‘மாற்றுத்திறனாளி’ 2010 அளவில் தமிழ்நாட்டு அரசு வழக்காகிப் பின் இங்கும் பரவிய சொல். ‘அங்கவீனர்’, ‘வலுவிழந்தோர்’, ‘விசேட தேவையுடையோர்’ என்பனவும் வழங்குகின்றன. சங்கத்தின் பெயரில் எதை வைப்பது என்பதை அதன் உறுப்பினர்தான் முடிவுசெய்ய வேண்டும். வெளியிலிருந்து திருத்த வேண்டியதில்லை.

உரிமை உண்மையில் யாரிடம் என்பதைப் பெயர்ப்பலகையில் பார்க்க முடியாது, யாப்பில், அதாவது சங்கத்தின் விதித்தொகுப்பில் பார்க்கலாம். 30 பேர் கொண்ட சங்கத்தில் கூட்ட நடப்பெண், அதாவது தீர்மானம் எடுக்க வரவேண்டிய குறைந்த தொகை, மூன்றில் ஒன்று என்று மட்டும் எழுதியிருந்தால், ஊனமில்லாத 10 பேர் கூடி எதையும் நிறைவேற்றிவிடலாம். அந்த 10 பேரில் குறைந்தது 6 பேர் மாற்றுத்திறனாளிகள், 5 பேர் பெண்கள் என்று சேர்த்து எழுதினால் அந்த வழி மூடப்படும். அடிக்கடி நடக்கும் இன்னொரு பிழை, மகளுக்குப் பதிலாகத் தகப்பன், மனைவிக்குப் பதிலாகக் கணவன் வந்து கை உயர்த்துவது. துணையாக வரலாம், வாக்கு உறுப்பினருடையது என்று யாப்பில் ஒரு வரி வேண்டும். செவிப்புலனற்ற உறுப்பினர் இருந்தால், சைகைமொழி உரைபெயர்ப்பாளர் வராத நாளில் பணம் பற்றிய தீர்மானத்தை ஒத்திவைக்க வேண்டும். வங்கிப் புத்தகம் நன்கொடை நிறுவனத்தின் கள உத்தியோகத்தரிடம் இருந்தால் அந்தச் சங்கம் ‘க்கான’ சங்கம்தான், பெயர் எதுவானாலும்.

கூடுமிடமும் அப்படியே. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1 அலகு உயரத்துக்கு 12 அலகு நீளம் இருக்க வேண்டும். மூன்று படி, 45 சென்ரிமீற்றர் உயரம் என்றால் 5.4 மீற்றர். இடமில்லை என்று 2 மீற்றரில் கட்டி முடித்தால், ஏறும்போது நாற்காலி பின்னுக்குச் சாயக்கூடும். யாராவது தள்ளாமல் அதில் ஏற முடியாது. அப்படிக் கட்டிவிட்டு ‘வசதி செய்துள்ளோம்’ என்று எழுதுவார்கள். கட்ட முடியாவிட்டால் கூட்டத்தை மரநிழலுக்கு மாற்றுவதே நேர்மை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து பெண்கள் வரவேண்டுமானால், தை, மாசி அறுவடை நாட்களையும் கடைசிப் பஸ், கடைசிப் பாதை புறப்படும் நேரத்தையும் கேட்டுத்தான் நேரம் குறிக்க வேண்டும். (குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே வாவியைக் கடக்கும் மிதவைக்கு இங்கு ‘பாதை’ என்றே பெயர்.)

அடித்தளத்தில் இருப்பவரைக் கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பது 2004 சுனாமிக்குப் பின் தெரிந்தது. கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்குப் போவது வழக்கம். மாப்பிள்ளைதான் அவளுடைய வீட்டுக்கு வருவார். படிவத்திலோ ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஆணின் பெயர் எழுதப்பட, பெண்ணின் வளவில் நின்ற வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீடு பல இடங்களில் ஆணுக்குரியதாயிற்று. அந்தக் கட்டத்தை வரைந்த மேசையில் ஊர்ப் பெண் ஒருத்தி இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள். கிழக்கின் பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்துப் பேசின. கூட்டு உரிமையோ பெண் பெயரில் காணி உறுதியோ வேண்டும் என்று கேட்டன.

எனவே புதிதாகப் பதிவுசெய்யும் சங்கம் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடமோ மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ போகுமுன், பெயரை உருபோடு சேர்த்து முழுமையாக எழுதிக்கொள்ள வேண்டும்: ‘மாற்றுத்திறனாளிப் பெண்களின் சங்கம்’. தட்டச்சில் ‘பெண்களுக்கான’ என்று மாறி வந்தால் திருத்தக் கேட்க வேண்டும். பதிவுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, இறப்பர் முத்திரை மூன்றிலும் பெயர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இல்லாவிட்டால் காசோலை திரும்பக்கூடும்.